இறந்தவரின் தாயார் மன்னித்துவிட்டார்

மன்னிக்க வேண்டும் மேடம், கதவைத் திறக்க முடியாது. சாவி அத்தையிடம் இருக்கிறது. அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியைக் கம்பிக் கதவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்காருங்கள். கால் கொஞ்சம் ஆடும், உடையாது. நன்னடத்தை அதிகாரி மத்தியானத்துக்கு மேல் விசாரணைக்கு வருவதாகத்தான் கடிதத்தில் இருந்தது. நீங்கள் இப்படிப் பத்து மணிக்கே வந்து நிற்பீர்கள் என்று யாருக்குத் தெரியும்? எல்லோரும் சிவன்மலைக்குப் போயிருக்கிறார்கள். அத்தை, என் வீட்டுக்காரர், குழந்தை. பெரியவர், அதுதான் என் வீட்டுக்காரரின் அண்ணன், விடுதலையாகி வந்தால் மொட்டை போடுவதாக அத்தைக்கு வேண்டுதல். இன்றைக்கு நீங்கள் வருகிறீர்கள் இல்லையா, அதனால் காலையிலேயே ஒரு அர்ச்சனை.

பூட்டிவிட்டுப் போவது எனக்காகத்தான். தோட்டத்து வீடு பாருங்கள், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் வேறு வீடு கிடையாது. பின்னால் தேங்காய்க் களம். உடைக்கிறவர்கள், உரிக்கிறவர்கள் என்று ஆட்கள் வருவார்கள், போவார்கள். சின்ன வயதுப் பெண் தனியாக இருந்தால் எதற்கு வம்பு என்று அத்தை நினைப்பார். காபி கொடுக்கலாம் என்றால் ஃபிரிட்ஜும் பூட்டியிருக்கிறது. அது எறும்புக்காக. தண்ணீர் தருகிறேன். டம்ளர் கம்பிக்குள் நுழையும், சொம்புதான் நுழையாது.

நீங்கள் பையிலிருந்து எடுத்தீர்களே, அந்த நீலக் கட்டு, அதில் மேலே இருக்கிற நாலு மனுவும் என் கையெழுத்து. ஹேமசுதா என்று எங்கேயும் இருக்காது. கீழே அத்தையின் கைநாட்டு இருக்கும். ஆனால் எழுதியது நான். எப்படி இருக்கிறது மேடம், படித்தீர்களா? உங்கள் மேலதிகாரி பாராட்டினாரா? சும்மா கேட்டேன். லூர்து சிஸ்டர் என்று எங்கள் கான்வென்டில் ஒருவர் இருந்தார். நாலு கோடு நோட்டில் எழுதவைத்து, ஒரு எழுத்து கோட்டைத் தாண்டினால் பக்கம் முழுக்கத் திரும்ப எழுதச் சொல்வார். அந்தக் கை. இந்தக் குடும்பத்தில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என் வீட்டுக்காரர் பாலிடெக்னிக் போனவர்தான், இருந்தாலும் வங்கிப் படிவம் வந்தால்கூட என்னிடம்தான் நீட்டுவார்.

பன்னிரண்டாவது படிக்கும்போது பட்டிமன்றத்தில் எனக்கு முதல் பரிசு. தலைப்பு என்ன தெரியுமா? மரண தண்டனை வேண்டுமா, வேண்டாமா. நான் வேண்டாம் என்கிற அணி. "தூக்குக் கயிறு குற்றவாளியைத்தான் கொல்லும், குற்றத்தைக் கொல்லாது" என்று முடித்தேன். கைதட்டல் அடங்க நேரமானது. லூர்து சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிக்காதீர்கள் மேடம். இப்போதும் அதைத்தான் நம்புகிறேன். என்னைக் கொடூரமானவள் என்று எழுதிவிடாதீர்கள்.

கல்யாணம் பேச வந்தபோது மறைக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மூத்த பையன் தனபால் கோயமுத்தூர் ஜெயிலில் இருக்கிறான், கோபத்தில் கை நீட்டியதில் ஒரு உயிர் போய்விட்டது என்று சொன்னார்கள். கிணற்றுத் தண்ணீர்ச் சண்டை என்று எங்கள் அப்பா புரிந்துகொண்டார். எந்தத் தோட்டத்தில் தண்ணீர்ச் சண்டை இல்லை என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

வந்து ஆறு மாதத்தில் முதல் மனு. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து விசிறிவிட்டார். செத்தவர் பெயர் என்ன என்று கேட்டேன். "பேர் எதுக்கு அம்மிணி, செத்தவங்கன்னு போடு போதும்" என்றார். இங்கிலீஷில் அதற்கு ஒரு சொல் இருக்கிறது, ஆணா பெண்ணா என்று சொல்லத் தேவையில்லாத சொல். அதைப் போட்டேன். எழுதிக்கொண்டே வரும்போது ஒரு இடத்தில் ஏதோ குறைவதாகப் பட்டது. காரணமெல்லாம் சொல்லியாயிற்று, மனசைத் தொடுகிற மாதிரி ஒன்றும் இல்லை. அப்போதுதான் அந்த வாக்கியம் வந்தது: "இறந்தவரின் தாயார் கண்ணீரோடு மன்னித்துவிட்டார்." யாரும் சொல்லித் தரவில்லை மேடம், தானாக வந்தது. படித்துத் தமிழில் சொன்னேன். அத்தை விசிறியைக் கீழே வைத்தார். பிறகு, "அப்படியே இருக்கட்டும் சாமி" என்றார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு எனக்கு மட்டும் ரெண்டு முட்டை.

மனு எழுதுகிற நாட்களில் இந்த வீட்டில் நான் ராணி. பாத்திரம் கழுவ விடமாட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

இந்தச் சித்திரையில் ஜெயிலிலிருந்து ஒரு கடிதம். முன்விடுதலைக்குத் தீர்ப்பு நகல் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். வக்கீல் ஆபீசிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார்கள், தொண்ணூற்று நாலு பக்கம். உறையில் போட்டு விலாசம் எழுதுவதுதான் என் வேலை. ஆனால் கையில் அச்சடித்த தாள் வந்தால் படிக்காமல் இருக்க முடியாதே. மூன்று மத்தியானம் படித்தேன், நிவிஷா தூங்குகிற நேரத்தில். என் மகள், மூன்று வயது.

கிணறு இல்லை, தண்ணீர் இல்லை. செத்தது ஆம்பளையும் இல்லை. சுகந்தி என்று பெயர், வயது இருபத்து மூன்று. பெரியவருடைய மனைவி. இந்த வீட்டுக்கு எனக்கு முன்னால் வந்த மருமகள். அப்படி ஒருத்தி இருந்தாள் என்றே எனக்குத் தெரியாது. ஒரு போட்டோகூட இல்லை.

சித்தி மகளின் காதுகுத்துக்காக, இங்கே யாரிடமும் சொல்லாமல் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஒரே ஒரு நாள். திரும்பி வந்ததும் பெரியவர் அவளை அறையில் போட்டுப் பூட்டிவிட்டார். பத்தொன்பது நாள். சாப்பாடு கிடையாது. ஜன்னலுக்கு வெளியே கட்டில் போட்டு, இலை விரித்து, அவள் பார்க்கப் பார்க்க மூன்று வேளையும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். தேங்காய் பறிக்க வந்த மரமேறி ஒருவர் கோர்ட்டில் சொல்லியிருக்கிறார், முதல் வாரம் வளையலால் கம்பியைத் தட்டுகிற சத்தம் கேட்டது, பிறகு கேட்கவில்லை என்று. டாக்டர் சொன்னது ரெண்டு பக்கம். அதை நான் சொல்ல மாட்டேன், உங்களிடமே நகல் இருக்கிறது.

வழக்கில் அத்தையும் குற்றம் சாட்டப்பட்டவர், ரெண்டாவது எதிரி. ஆமாம், எங்கள் அத்தைதான், ராமாத்தாள் என்று அச்சில் இருக்கிறது. ஆனால் விடுதலை செய்துவிட்டார்கள். தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் கம்பி வழியாகக் கொடுத்தார் என்று அந்த மரமேறியே சொல்லியிருக்கிறார். தண்ணீர் கொடுத்தவருக்குக் கொல்லும் எண்ணம் இருந்ததாகச் சொல்ல முடியாது என்று நீதிபதி எழுதியிருக்கிறார். பாருங்கள், கொடுத்திருக்கிறார். இரக்கம் உள்ளவர்தான். நான் பயப்படுவது அத்தைக்கு இல்லை மேடம். வரப்போகிறவருக்கு.

தூக்கு வேண்டும் என்று அரசு வக்கீல் கேட்டிருக்கிறார். கொடூரம்தான், ஆனால் அரிதினும் அரிதான வழக்கு என்று சொல்ல முடியாது, ஆகவே ஆயுள் என்று தீர்ப்பு. அந்த வரியில் நான் நின்றுவிட்டேன். அரிது இல்லை என்றால் என்ன அர்த்தம்? அடிக்கடி நடக்கிறது என்றா? எங்கே நடக்கிறது?

கடைசியில் ஒரு வரைபடம் ஒட்டியிருந்தது. வடக்குப் பக்க அறை, கிணற்றைப் பார்த்த ஜன்னல், ஏழு கம்பி. போய் எண்ணிப் பார்த்தேன். நானும் குழந்தையும் படுக்கிற அறை.

வீட்டுக்காரரிடம் கேட்டேன். பூபதி நல்லவர், கை நீட்ட மாட்டார். அப்போது சேலத்தில் ஹாஸ்டலில் இருந்தாராம், ஒன்றும் தெரியாதாம். பதினாலு வருஷம் அனுபவித்தாயிற்று, கவர்மெண்டே போதும் என்கிறது, உனக்கு என்ன என்றார். அத்தையிடம் கேட்கப் பத்து நாள் ஆனது. தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கை நிற்கவே இல்லை.

"பசியில ஆரு அம்மிணி சாவறா? அவ வீம்புல செத்தா. தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே தொறந்து வுட்டிருப்பான்" என்றார்.

அதற்குப் பிறகு நாலாவது மனு எழுத வேண்டி வந்தது. மணிக்கட்டு சுளுக்கு என்று சொல்லி ரெண்டு வாரம் ஓட்டினேன். அந்தச் சமயத்தில்தான் என் போன் ரிப்பேருக்குப் போனது. இன்னும் வரவில்லை, கடைக்காரருக்குச் சாமான் கிடைக்கவில்லையாம். அம்மா வீட்டுக்கு அத்தையே பேசிச் சொல்லிவிடுகிறார், நான் நன்றாக இருக்கிறேன் என்று. நடுவில் ரெண்டு நாள் எனக்குச் சாப்பாடு எடுத்து வைக்க மறந்துவிட்டார்கள். களத்தில் வேலை அதிகம். நானும் வாய் திறந்து கேட்கவில்லை, அது என் தப்பு. பசிக்கிறது என்று சொல்லியிருந்தால் போடாமலா இருந்திருப்பார்கள்?

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள்?

அந்த ரெண்டாம் நாள் நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. நிவிஷாவின் பிஸ்கட் ஒன்று தலையணைக்கு அடியில் கிடந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். பெரியவரை நான் பார்த்ததே இல்லை, முகம் தெரியாது. ஆனாலும் கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் நிற்பதாக வைத்துக்கொண்டேன். மெலிந்து, நாக்கு வறண்டு, என் கையையே பார்த்துக்கொண்டு. அப்படி நினைத்துக்கொண்டே அந்தப் பிஸ்கட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துச் சாப்பிட்டேன். ஒரு துணுக்கு கடிப்பது, நிமிர்ந்து பார்ப்பது. முடிக்க அரை மணி நேரம். அவ்வளவு ருசியாக நான் எதையும் சாப்பிட்டதில்லை மேடம். பிறகு வாந்தி வந்தது. சிஸ்டருக்குத் தெரிந்தால் அந்தப் பரிசைத் திருப்பிக் கேட்பார்.

மூன்றாம் நாள் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆமாம், எல்லாம் தெரிந்த பிறகு எழுதியதுதான் நாலாவது. நாலில் அதுதான் நன்றாக வந்திருக்கிறது, இல்லையா? எழுதி முடித்ததும் அத்தை முட்டை வறுத்து, சோறு பிசைந்து, அவர் கையாலேயே ஊட்டிவிட்டார்.

என்ன தண்டனை கொடுத்தால் சரி என்று நிறைய யோசித்துவிட்டேன். தூக்கு வேண்டாம். அவர் செய்ததையே அவருக்குச் செய்யலாம் என்றால், செய்கிறவருக்கும் அந்தப் பிஸ்கட் ருசி வந்துவிடும், அது எனக்குத் தெரிந்துவிட்டது. பதினாலு வருஷம் போதுமா என்றால், சுகந்தியைத்தான் கேட்க வேண்டும். அங்கேயே இருக்கட்டும், நன்றாகச் சாப்பிடட்டும், டிவி பார்க்கட்டும், தீபாவளிக்கு நானே பலகாரம் செய்து அனுப்புகிறேன். இங்கே வர வேண்டாம், அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால், வேறு ஒரு வீட்டுக்குப் போகிறார் என்றால் நான் இவ்வளவு யோசித்திருக்கமாட்டேன். திருந்தியிருப்பார், விடுங்கள் என்று நானே சொல்லியிருப்பேன். அஞ்சாவதாக ஒரு மனுவும் எழுதியிருப்பேன்.

நீங்கள் சுகந்தியின் அம்மாவைப் பார்த்திருப்பீர்களே. அவர் ஒத்துக்கொள்ளமாட்டார் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருக்கிறேன். வெள்ளகோவில் பக்கம்தானே? பெற்றவள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதாதா? அதற்கு மேல் என்னை எதற்குக் கேட்கிறீர்கள்?

எப்போது இறந்தார்?

மூன்று வருஷமா. அண்ணன், தம்பி? ஒரே பிள்ளையா சுகந்தி. அப்படியென்றால் அந்தப் பக்கத்தில் கேட்பதற்கு ஆள் இல்லை.

அப்படியென்றால் அந்த நீலக் கட்டுக்குள் அந்த அம்மா சொன்னதாக என்ன இருக்கிறது? வேறு ஒன்றுமே இல்லையா? என் வாக்கியம் மட்டுமா?

இல்லை மேடம், அது நான் எழுதியது. அவர் சொல்லவே இல்லை. அவரை நான் பார்த்ததுகூட இல்லை. அழகுக்காகப் போட்டேன். நாலு மனுவிலும் அதையே போட்டதால் உண்மை ஆகிவிடுமா? அடித்துவிடுங்கள். பேனாவால் ஒரு கோடு, நீங்கள் அதிகாரிதானே. முடியாதா? பதிவானது பதிவானதுதான் என்கிறீர்கள்.

சரி, புரிகிறது. அதை மறுக்கக்கூடியவள் நான் மட்டும்தான். இந்த வீட்டில் ஒருவர், பெயர் போட்டு, காரணம் போட்டு, வரக்கூடாது என்று எழுதிக் கொடுத்தால் விடுதலை நிற்கலாம். நிற்கும் என்று சொல்லவில்லை, நிற்கலாம். நன்றாகக் கேட்டுக்கொண்டேன்.

என்னை இப்போதே வெளியே கூட்டிப் போவதா? எப்படி? பூட்டை உடைத்தா? போலீஸ் எல்லாம் எதற்கு மேடம், இங்கே என்ன பெரிதாக நடந்துவிட்டது. அதோடு நிவிஷா அவர்களோடு காரில் இருக்கிறாள். வெளியே போனால் அத்தை எப்போதும் அவளைக் கூட்டிக்கொண்டுதான் போவார். என்னை விட்டாலும் விடுவார், பேத்தியை விடமாட்டார், அவ்வளவு பாசம். அவளில்லாமல் நான் இந்த வாசலைத் தாண்டி எங்கே போவேன்?

ஒன்று செய்யலாம். அத்தை வந்ததும் எல்லோர் முன்னாலும் எழுதச் சொல்லுங்கள். நான் இங்கிலீஷில் எழுதுகிறேன். அத்தை நினைப்பார் மனு மாதிரி ஏதோ என்று. நீங்கள் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விடுங்கள்.

வாசித்துக் காட்ட வேண்டுமா? கையெழுத்துக்கு முன்னால் எல்லோருக்கும் தமிழில் வாசித்துக் காட்டியே ஆக வேண்டுமா? கட்டாயமா? அப்படியென்றால் வாசிக்கும்போது மாற்றிச் சொல்லிவிடுங்கள் மேடம். ஒரே ஒரு பொய். எனக்கு வரவில்லையா ஒரு வாக்கியம், அது மாதிரி உங்களுக்கும் வரும்.

முடியாது என்று தலையாட்டுகிறீர்கள். உங்கள் வேலை உங்களுக்கு. தப்புச் சொல்லவில்லை.

கார் சத்தம். டம்ளரைக் கொடுத்துவிடுங்கள். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொள்ளுங்கள்.

வாங்க அத்தை. தரிசனம் நல்லாக் கிடைச்சுதுங்களா? மேடம் இப்பத்தான் வந்தாங்க, அஞ்சு நிமிஷம்கூட ஆகலை. நீங்க வரட்டும்னு பேசாமத்தான் உட்கார்ந்திருந்தோம். இல்லீங்க அத்தை, நான் ஒண்ணும் சொல்லலை. எனக்கு என்ன தெரியும், எல்லாம் உங்களைத்தான் கேட்கோணும்னு சொன்னேன். நிவிக்குட்டி, வா சாமி. சரி, பாட்டிகிட்டயே இரு.

மேடம், இவங்கதான் எங்க அத்தை. இவர் என் வீட்டுக்காரர்.

என்னையா எழுதச் சொல்றாங்க? சரிங்க அத்தை. பேப்பர் குடுங்க மேடம். இங்கிலீஷ்லயே எழுதட்டுங்களா அத்தை, ஜெயிலுக்குப் போற காகிதம், அதுதான் மரியாதையா இருக்கும். நீங்க சொல்லச் சொல்ல எழுதறேன்.

குடும்பத்துல எல்லாருக்கும் முழுச் சம்மதம். ம். எழுதிட்டேன். வந்தா தேங்காய்க் களத்தைப் பார்த்துக்குவார். ம். வடக்கால ரூமை அவருக்கு ஒழிச்சுக் குடுக்கறோம். ம். மருமக சமையல்கட்டுல படுத்துக்குவா, கொழந்தை பாட்டிகிட்டப் படுத்துக்கும். அதையும் எழுதோணுங்களா? சரிங்க, எழுதறேன். அவ்வளவுதானுங்களா? இன்னும் ரெண்டு வரி இருக்குங்க, முடிச்சுடறேன். என்ன அத்தை, நீளமாத்தான் வருது. இங்கிலீஷ்ல கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

இந்தாங்க மேடம்.

படிச்சுட்டீங்களா? ரெண்டாந்தரமும் படிக்கிறீங்களே. எழுத்துப் புரியுதுங்களா? கோட்டைத் தாண்டாமத்தான் எழுதியிருக்கேன்.

மேடம், அத்தை கேட்கறாங்க. என்ன எழுதியிருக்குன்னு தமிழ்ல வாசிச்சுக் காட்டோணுமாம்.